அம்மாட அளவுக் கொப்பி: உடலை அளந்து நீரிழிவைக் கணித்த கதை

எங்கட அம்மா தைக்கிறவ. விறாந்தையின் ஒரு மூலையில் மெஷின், பக்கத்தில் ஒரு கதிரை, கதிரைக்கு மேல் அடுக்கின அளவுக் கொப்பிகள். ஊரில் பாதிப் பேரின்ர உடம்பு அந்தக் கொப்பிகளுக்குள்ள இருக்குது. மேலே பேர், கீழே திகதி, பிறகு தோள், நெஞ்சு, இடுப்பு, நீளம். ஒருவரும் அதைப் படிக்கிறதில்லை. போன வருட விடுமுறையில் நான் படித்தேன், அப்பாவின் பக்கத்தை மட்டும்.

2009 – இடுப்பு 31 அங்குலம். 2012 – 33. 2016 – 36. 2020 – 37. தோளும் கையும் பெரிசாக மாறவில்லை. எல்லாம் நடுவில் தான் நடந்திருக்கிறது.

அதே 2016இல் அப்பாவுக்கு வேலை சம்பந்தமாக ஒரு மருத்துவப் பரிசோதனை நடந்தது. உயரம் 168 சென்ரிமீற்றர், நிறை 64 கிலோ. நிறையை உயரத்தின் வர்க்கத்தால் பிரித்தால் 22.7 வரும். சுவரில் தொங்கின அட்டவணையில் அது பச்சைக் கட்டம். "நீங்கள் மெலிஞ்ச ஆள், பிரச்சினை இல்லை" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். இரத்தத்தில் சீனி பார்க்கவில்லை. 2021இல் கால் பெருவிரலில் வந்த சின்னப் புண் இரண்டு மாதமாக ஆறாமல் இருந்து, பிறகு தான் தெரிந்தது சலரோகம் என்று. கன வருசமாக இருந்திருக்க வேணும் என்றார் டொக்டர். விரல் தப்பியது. ஆனால் இப்போதும் அந்தக் காலில் அப்பாவுக்கு உணர்ச்சி குறைவு.

நான் மருத்துவ பீடம் இல்லை, கலைப்பீடம். வரலாறு படிக்கிற ஆளுக்கு வருகிற கேள்வி வேறு. அந்தச் சுவர் அட்டவணையை யார் செய்தது? எந்த ஊர் மனுசரை அளந்து செய்தது? அம்மாட கொப்பியில் தெரிந்த விஷயம் ஏன் அந்த அட்டவணையில் தெரியாமல் போனது?

*

கதை ஒரு வானியலாளரிடம் தொடங்குகிறது. அடொல்ஃப் கெட்டலே, 1796இல் பெல்ஜியத்தின் கென்ற் நகரில் பிறந்தவர். பிரசல்ஸ் வானாய்வு நிலையத்தை உருவாக்கியவர். அந்தக் காலத்து வானியலாளர்கள் ஒரே நட்சத்திரத்தைப் பலமுறை அளந்து, அளவுகள் கொஞ்சம் கொஞ்சம் பிசகும்போது சராசரியை எடுப்பார்கள். சராசரி தான் உண்மைக்குக் கிட்ட, மற்றதெல்லாம் பிழை. கெட்டலே இதே யோசனையை மனிதருக்குப் போட்டுப் பார்த்தார். 5,738 ஸ்கொட்லாந்துப் படைவீரர்களின் நெஞ்சளவுகளை எடுத்து, அவை ஒரு சராசரியைச் சுற்றி அழகாக மணி வடிவில் பரவியிருப்பதைக் காட்டினார். 1835இல் வெளிவந்த அவருடைய நூலின் மையமே 'சராசரி மனிதன்' என்ற கருத்துத்தான்.

வளர்ந்தவர்களில் நிறை, உயரத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடுகிறது என்று அவர் கண்டது இந்தத் தேடலின் ஒரு துண்டு மட்டுமே. அவர் வைத்தியர் இல்லை. நீரிழிவு பற்றியோ கொழுப்பு பற்றியோ அவருக்கு அக்கறை இருக்கவில்லை. கிளினிக் சுவருக்கு ஒரு அட்டவணை செய்கிறேன் என்று அவர் நினைத்திருக்க வழியே இல்லை.

அதை நோயோடு கட்டியது காப்புறுதிக் கம்பனிகள். யார் சீக்கிரம் சாவார் என்று தெரிந்தால் தான் அவர்களுக்கு வியாபாரம். அமெரிக்காவின் மெட்ரோபொலிற்றன் லைஃப் நிறுவனத்தில் லூயி டப்ளின் என்ற புள்ளிவிபரவியலாளர், காப்புறுதி எடுத்தவர்களின் நிறையையும் மரணத்தையும் ஒப்பிட்டு 1942, 43இல் 'இலட்சிய நிறை' அட்டவணைகளை வெளியிட்டார். சப்பாத்தோடு உயரம், உடுப்போடு நிறை என்று கணக்குப் போட்ட அட்டவணைகள் அவை. காப்புறுதி வாங்க வசதியுள்ள அமெரிக்கர்களின் உடம்புதான் அதற்குள் இருந்தது. ஆனாலும் அடுத்த சில தசாப்தங்களுக்கு வைத்தியர்கள் அதைத்தான் பாவித்தார்கள்.

1972இல் அன்செல் கீஸ் என்ற அமெரிக்க உடற்றொழிலியலாளரும் அவருடைய சகாக்களும் இந்த அட்டவணைகளைக் கடுமையாக விமர்சித்து ஒரு கட்டுரை எழுதினார்கள். ஐந்து நாடுகளைச் சேர்ந்த 7,424 ஆண்களின் அளவுகளை எடுத்து, எந்தச் சூத்திரம் தோல்மடிப்புத் தடிப்போடு நன்றாகப் பொருந்துகிறது என்று பார்த்தார்கள். எல்லாவற்றையும் விட அதிசயமாக எதுவும் வேலை செய்யவில்லை. இருப்பதற்குள் கெட்டலேயின் பழைய விகிதம் மற்றவற்றுக்குக் குறையவில்லை, கணக்குப் போடவும் சுலபம். அதற்கு ஒரு புதுப் பேர் வைத்தார்கள். அதைத்தான் நாங்கள் உடற்திணிவுச் சுட்டி, பிஎம்ஐ என்கிறோம். அமெரிக்கா, பின்லாந்து, இத்தாலி, ஜப்பான், தென்னாபிரிக்கா – இவைதான் அந்த ஐந்து நாடுகள். பெண்கள் ஒருவரும் இல்லை. தெற்காசியாவிலிருந்து ஒரு குழு கூட இல்லை.

'சாதாரணம்' என்பதற்கும் 'கூடுதல்' என்பதற்கும் நடுவில் கோடு போட்டது அதற்கும் பிறகு. அந்தக் கோடு இயற்கையில் இருக்கிற ஒன்றில்லை, ஆட்கள் மேசையைச் சுற்றி இருந்து எடுத்த முடிவு. 1998இல் அமெரிக்கா ஆண்களுக்கான எல்லையை 27.8இலிருந்து 25க்கு இறக்கியது. பெண்களுக்கானதும் அப்படியே இறங்கியது. ஒரு கிலோ கூடக் கூடாமல் கோடிக்கணக்கான அமெரிக்கர்கள் 'நிறை கூடியவர்கள்' ஆனார்கள்.

*

இதுவரை சொன்னது தராசின் கதை. அளவுநாடாவுக்கு வேறு ஒரு கதை இருக்கு.

நீரிழிவு ஒரே மாதிரியான உடம்பில் வருவதில்லை என்பது மிகப் பழைய அவதானிப்பு. சுஸ்ருத சங்கிதை பருத்தவருக்கு வருவதையும் மெலிந்தவருக்கு வருவதையும் பிரித்தே பேசுகிறது. 19ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு வைத்தியர் லான்சரோ 'கொழுத்த நீரிழிவு', 'மெலிந்த நீரிழிவு' என்று பேரே வைத்தார்.

1947இல் மார்செய் நகரத்து வைத்தியர் ஜோன் வாக் இன்னொரு படி போனார். ஒருவர் எவ்வளவு கொழுப்பு என்பதை விட, கொழுப்பு எங்கே இருக்கிறது என்பது முக்கியம் என்றார். உடம்பின் மேற்பகுதியிலும் வயிற்றிலும் சேர்ந்தால் நீரிழிவும் இரத்தக்குழாய் நோய்களும் வரும். இடுப்புக்குக் கீழே, தொடையில் சேர்ந்தால் அந்தளவு ஆபத்தில்லை. முதலாவதை ஆண் வகை என்றும் இரண்டாவதைப் பெண் வகை என்றும் அழைத்தார். ஆனால் பெண்களுக்கும் முதல் வகை வரலாம், அப்போது ஆபத்தும் சேர்ந்தே வரும் என்பதுதான் அவருடைய அவதானிப்பு. மருத்துவ உலகம் நீண்ட காலத்துக்கு இதைப் பெரிதாகக் கணக்கெடுக்கவில்லை.

அவரைச் சரி என்று காட்டியது சுவீடன். 1913இல் பிறந்த கோதன்பேர்க் நகரத்து ஆண்கள் 792 பேருக்கு 54 வயதில் இடுப்பையும் பிட்டத்தையும் நாடாவால் அளந்து, 13 வருடம் அவர்களைப் பின்தொடர்ந்தார்கள். 1984இல் முடிவு வந்தது. யாருக்கு மாரடைப்பும் பக்கவாதமும் வரும் என்பதை நிறையை விட இடுப்பு–பிட்ட விகிதம் தெளிவாகச் சொன்னது. அதே நகரத்தில் 1,462 பெண்களைப் பின்தொடர்ந்த ஆய்வும் அதே வருடம் அதே திசையைக் காட்டியது. அடுத்த வருடம் அதே ஆண்களில் நீரிழிவு வந்தவர்களைப் பார்த்தபோது, நிறையும் ஒரு காரணம் தான், ஆனால் ஒரே நிறையுள்ள இருவரில் வண்டி வைத்தவருக்கே ஆபத்துக் கூட என்று தெரிந்தது.

ஏன் அப்படி? தோலுக்குக் கீழே இருக்கிற கொழுப்பு பெரும்பாலும் ஒரு களஞ்சியம் மாதிரி, சும்மா இருக்கும். குடலையும் ஈரலையும் சுற்றிச் சேர்கிற கொழுப்பு அப்படியில்லை. அதிலிருந்து வெளியேறுகிற கொழுப்பமிலங்கள் நேரே ஈரலுக்குப் போகின்றன. ஈரலிலும் கொழுப்புச் சேரும். பிறகு இன்சுலின் சொல்கிறதை உடம்பு கேட்காது. சதையி இன்னும் இன்னும் இன்சுலினைச் சுரந்து சமாளிக்கும், ஒரு கட்டத்தில் அதுக்கும் ஏலாமல் போகும். இதெல்லாம் நடக்கும்போது வெளியே ஆள் மெலிவாகவே இருக்கலாம்.

*

எங்கட உடம்பு இந்தக் கதைக்குள் எப்போது வருகிறது?

அளவுக்கருவி எங்களுக்குப் புதுசில்லை. 1880களில் சுவிற்சர்லாந்திலிருந்து வந்த போல் சரசின், பிரிற்ஸ் சரசின் என்ற இருவர் இங்கே வேடர்களின் உடம்பை அளந்தார்கள், எலும்புக்கூடுகளையும் மண்டையோடுகளையும் சேர்த்தார்கள். கொஞ்சம் பிந்தி, அக்கரையில் சென்னை அருங்காட்சியகத்தின் பொறுப்பாளர் எட்கார் தேர்ஸ்ரன் சாதி சாதியாக ஆட்களின் தலையையும் மூக்கையும் அளந்தார். மனிதரைத் தரம் பிரித்து அடுக்குவதற்கான அளவுகள் அவை. அளக்கப்பட்ட ஆளுக்கு என்ன வருத்தம் வரும், எப்படிக் காப்பாற்றலாம் என்ற கேள்வியே அங்கே இல்லை.

அந்தக் கேள்வி வந்தது லண்டனில். குடிபெயர்ந்துபோன தெற்காசியர்களுக்கு மாரடைப்பும் நீரிழிவும் கூட என்று பிரித்தானிய வைத்தியர்கள் கவனித்திருந்தார்கள். புகையும் கொழுப்புச் சாப்பாடும் மட்டும் அதை விளக்கவில்லை. போல் மக்கீக், ஷா, மைக்கல் மார்மற் ஆகியோர் மேற்கு லண்டனில் 3,193 ஆண்களையும் 561 பெண்களையும் பரிசோதித்து 1991இல் முடிவுகளை வெளியிட்டார்கள். ஐரோப்பியரில் நீரிழிவு 4 சதவீதம், தெற்காசியரில் 19 சதவீதம். சீக்கியர், குஜராத்திகள், முஸ்லிம்கள் என்று சாப்பாடும் பழக்கவழக்கமும் வேறுபட்ட குழுக்களுக்குள்ளும் ஒரே போக்கு. தெற்காசியரின் இடுப்பு–பிட்ட விகிதம் கூட, இன்சுலின் அளவும் கூட.

இதை ஒரே படத்தில் சொன்னவர்கள் புனேயின் சித்தரஞ்சன் யாஜ்னிக்கும் லண்டனின் ஜோன் யட்கினும். இருவரும் நண்பர்கள், இருவரும் நீரிழிவு ஆய்வாளர்கள். 2004இல் தங்கட படத்தையே ஒரு மருத்துவ இதழில் போட்டார்கள். இருவருக்கும் பிஎம்ஐ 22.3. யட்கினின் உடம்பில் கொழுப்பு 9.1 சதவீதம், யாஜ்னிக்கின் உடம்பில் 21.2 சதவீதம். சுவர் அட்டவணையில் இருவரும் ஒரே பச்சைக் கட்டத்துக்குள் தான் நிற்பார்கள். அப்பாவின் எண்ணும் கிட்டத்தட்ட அதே தானே என்று இதைப் படிக்கும்போது நினைத்தேன்.

யாஜ்னிக் குழு இதைப் பிறப்பிலேயே கண்டது. புனேயில் பிறந்த பிள்ளைகள் சராசரி 2.7 கிலோ, இங்கிலாந்தின் சௌதாம்ப்ரனில் பிறந்தவை 3.5 கிலோ. புனேப் பிள்ளைகளுக்குத் தசை குறைவு, வயிற்றுக்குள் உறுப்புகளும் சின்னன், ஆனால் முதுகுத் தோலுக்குக் கீழே கொழுப்பு மட்டும் அந்தளவுக்குக் குறையவில்லை. மெலிந்த பிள்ளை, கொழுத்த பிள்ளை இரண்டும் ஒரே பிள்ளைக்குள். இதை 'எங்கட இரத்தத்தின் குறை' என்று வாசிக்கத் தேவையில்லை. தாய்மார் தலைமுறை தலைமுறையாக என்ன சாப்பிட்டார்கள், எவ்வளவு வேலை செய்தார்கள் என்ற வரலாறும் அந்தப் பிள்ளையின் உடம்பில் இருக்கிறது.

*

ஆய்வுகள் சேரச் சேரக் கோடுகளும் அசைந்தன. 2004இல் உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு, ஆசியர்களுக்கு 25க்கு முன்னமே, 23இலேயே கவனம் வேண்டும் என்றது. 2021இல் இங்கிலாந்தில் 14 இலட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் பதிவுகளை ஆராய்ந்த ஒரு குழு, வெள்ளையருக்குப் பிஎம்ஐ 30இல் இருக்கிற நீரிழிவு ஆபத்துத் தெற்காசியருக்கு 23.9இலேயே வந்துவிடுகிறது என்று கண்டது.

நல்ல விஷயம் தான். ஆனால் அப்பாவின் 22.7, திருத்திய கோட்டுக்கும் கீழே தான் நிற்கிறது. புது அட்டவணை தொங்கியிருந்தாலும் அப்பா பச்சைக் கட்டத்தில் தான் இருந்திருப்பார். தவறு கோட்டில் மட்டும் இல்லை, அளந்த இடத்திலும் இருந்தது.

நாடாவின் கோடுகளும் வானத்திலிருந்து வரவில்லை. ஆண்களுக்கு 94, 102 சென்ரிமீற்றர், பெண்களுக்கு 80, 88 என்ற பிரபலமான இடுப்பு எல்லைகள் 1995இல் கிளாஸ்கோவில் அளந்தவர்களிடமிருந்து வந்தவை. பிஎம்ஐ 25க்கும் 30க்கும் பொருந்துகிற மாதிரித் தெரிந்தவை. கெட்டலே ஸ்கொட்லாந்து நெஞ்சை வைத்து 'சராசரி மனிதன்' என்றார், நாங்கள் ஸ்கொட்லாந்து இடுப்பை வைத்து ஆபத்தைப் பார்த்தோம். பிறகு தான், 2005இல், சர்வதேச நீரிழிவுச் சம்மேளனம் தெற்காசிய ஆண்களுக்கு 90, பெண்களுக்கு 80 என்று தனியாக வைத்தது. இன்னும் சுலபமான ஒன்றைப் பிரித்தானிய ஆய்வாளர் மார்கரெற் அஷ்வெல் 1990களிலிருந்து சொல்லி வந்தார். இடுப்பு உயரத்தின் பாதிக்கு மேல் போகக்கூடாது, அவ்வளவுதான். 2022இல் இங்கிலாந்தின் மருத்துவ வழிகாட்டுதலும் அதை ஏற்றது.

அம்மாட கொப்பிக்குத் திரும்பிப் போனேன். அப்பாவின் உயரத்தில் பாதி 84 சென்ரிமீற்றர், அதாவது 33 அங்குலம். 2012இல் அப்பா அந்தக் கோட்டில் நின்றிருக்கிறார். 2016இல் 36 அங்குலம் என்றால் 91 சென்ரிமீற்றர், தெற்காசிய எல்லையையும் தாண்டியாச்சு. தையல்காரர் அளக்கிற இடமும் வைத்தியர் அளக்கிற இடமும் ஒன்றில்லை என்பது சரி. லோங்ஸ் நிற்கிற இடம் தொப்புளுக்குக் கீழே. வைத்தியர் அளப்பது கடைசி விலாவுக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவில், மூச்சை மெதுவாக விட்ட பிறகு. வண்டி வைத்தவர்களுக்குப் பெரும்பாலும் லோங்ஸ் அளவு குறைச்சலாகத்தான் வரும். அப்படியென்றால் உண்மையான எண் இன்னும் கூடவாக இருந்திருக்கலாம்.

*

இன்னொரு விஷயத்தைச் சொல்லாமல் முடிக்க ஏலாது.

2005–06இல் இலங்கையில் நீரிழிவு பற்றி ஒரு பெரிய ஆய்வு நடந்தது. 20 வயதுக்கு மேற்பட்டவர்களில் 10.3 சதவீதத்துக்கு நீரிழிவு என்று கண்டது. அவர்களில் மூன்றில் ஒருவருக்கு மேல், தங்களுக்கு அது இருக்கு என்றே தெரியாது. அந்த ஆய்வு ஒன்பது மாகாணங்களில் ஏழில் தான் நடந்தது. வடக்கும் கிழக்கும் இல்லை. யுத்த காலம், ஏன் என்று எல்லாருக்கும் விளங்கும். யாரையும் குறை சொல்ல இதை எழுதவில்லை. ஆனால் 'இலங்கையர்' என்று மருத்துவ இதழ்களில் ஒரு சராசரி எழுதப்பட்டபோது எங்கட அப்பா மாதிரி ஆட்கள் அந்தச் சராசரிக்குள் இல்லை. 2018–19இல் நடந்த தேசிய ஆய்வில் எண் 23 சதவீதம். கிட்டத்தட்ட நாலு பேரில் ஒருவர்.

கெட்டலேயின் காலத்திலிருந்து இன்றுவரை யாரோ ஒருவர் அளக்கப்பட்டு, அந்த அளவு எல்லாருக்குமான அளவாகிறது. படைவீரர், காப்புறுதிக்காரர், ஐந்து நாட்டு ஆண்கள், கிளாஸ்கோக்காரர். அளவு பிழை என்பதில்லை. தன் ஊரை விட்டு வெளியே வரும்போது அது தன் பிறந்த இடத்தை மறந்துவிடுகிறது. கிளினிக்கில் இருந்த மிஸ்ஸியும் அப்பாவை ஏமாற்றவில்லை, அட்டவணை சொன்னதைச் சொன்னார்.

நாடாவும் சோதிடம் இல்லை. இடுப்புக் கூடின எல்லாருக்கும் சலரோகம் வராது, கூடாதவருக்கு வராது என்றும் இல்லை. யாரை முதலில் இரத்தப் பரிசோதனைக்கு அனுப்ப வேணும் என்று காட்டும், அவ்வளவுதான். ஆட்களின் வண்டியைப் பார்த்துப் பகிடி பண்ணுகிறதுக்கும் இதுக்கும் சம்பந்தமில்லை. சொல்லப்போனால், அந்தப் பகிடி தான் ஆட்களை அளக்கக் கூச்சப்பட வைக்கிறது.

"அப்பாட இடுப்புக் கூடுது எண்டு உங்களுக்குத் தெரியும் தானே, ஏன் ஒண்டும் சொல்லேல்லை?" என்று அம்மாவிடம் கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "வயசு போனா எல்லாருக்கும் கூடும் தானே எண்டு நினைச்சன். லோங்ஸை விரிச்சுக் குடுத்தனான்" என்றா.

இப்போது அம்மா ஒரு வேலை செய்கிறா. சேட், லோங்ஸ் தைக்க வருகிற நாற்பது தாண்டின ஆட்களின் உயரத்தையும் கேட்டுக் கொப்பியில் எழுதுகிறா. இடுப்பு பாதிக்கு மேல் என்றால், "அண்ணை, ஒருக்கா சீனி பார்த்துக்கொண்டு வாங்கோவன்" என்று சொல்லிவிடுகிறா. சிலர் சிரிக்கிறார்கள். போன மாதம் ஒருவர் போய்ப் பார்த்துவிட்டு வந்து, றிப்போட்டை மெஷினுக்கு மேலே வைத்துவிட்டு, ஒன்றும் பேசாமல் கதிரையில் இருந்தாராம். அம்மா தேத்தண்ணி போட்டுக் குடுத்திருக்கிறா, சீனி இல்லாமல்.